வாட் என்று மட்டும் சொன்னால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் தாம்பரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் செல்பேசிக் கம்பம் ஒன்று எழுந்தது. தெருவாசிகள் கூடினார்கள். இயற்பியல் ஆசிரியர் என்பதால் என்னையும் அழைத்தார்கள்.

கூட்டத்தில் மூன்று தாள்கள் கைமாறின. முதல் தாள், “இந்த ஆன்டெனாவின் திறன் 20 வாட்தான், உங்கள் வீட்டுக் குழல் விளக்கைவிடக் குறைவு” என்றது. இரண்டாம் தாள், “1,000 வாட் கதிர்வீச்சு! குழந்தைகளைக் காப்போம்!” என்று அலறியது. மூன்றாவது தாள் அலுவலகப் படிவத்தின் நகல். அதில் 610 வாட் என்று இருந்தது. “யாரோ இருவர் பொய் சொல்கிறார்கள். யார் என்று நீங்கள் சொல்லுங்கள் சார்” என்று என்னிடம் கேட்டார்கள்.

வாசக அன்பர்களே, ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூன்று எண்களும் ஒரே ஆன்டெனாவைப் பற்றியவை, மூன்றும் சரியானவை. ஆனால் எதை அடிப்படையாக வைத்து அளந்த வாட் என்பதை மூன்று தாள்களுமே சொல்லவில்லை. சிறிய குறைபாடுபோல் தோன்றும் இந்த விடுபாடு எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றுகிறது என்பதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைவிளக்கும் ஆன்டெனாவும்

ஒரு கைவிளக்கின் பல்பை மட்டும் கழற்றி எரியவிடுங்கள். அறை முழுவதும் மங்கலான ஒளி பரவும். அதே பல்பை விளக்கினுள் பொருத்தி, அதன் பின்னுள்ள குழி ஆடியோடு எரியவிடுங்கள். எதிர்ச் சுவரில் கண் கூசும் வட்டம் விழும். அறையின் மற்ற மூலைகள் இருண்டுவிடும். மின்கலம் கொடுக்கும் திறன் கூடவில்லை. எல்லாத் திசைகளுக்கும் பங்கிடப்பட்டது ஒரு திசைக்குத் திருப்பிவிடப்பட்டது, அவ்வளவே.

ஆன்டெனாவும் இதைத்தான் செய்கிறது. எங்கள் தெரு ஆன்டெனாவுக்குள் சென்ற திறன் 20 வாட். அதை அந்த ஆன்டெனா ஒரு திசையில் 50 மடங்கு குவித்தது. அத்திசையில் நிற்பவருக்கு, எத்திசையிலும் சமமாக வீசும் ஓர் ஆன்டெனாவில் 1,000 வாட் ஊட்டினால் கிடைக்கும் அதே செறிவு கிடைக்கும். முதல் தாளின் 20, ஆன்டெனாவுக்குள் போவது. இரண்டாம் தாளின் 1,000, குவிந்த திசையில் தோன்றுவது. கம்பத்திலிருந்து 1,000 வாட் வெளியேறவில்லை. ஆனால் “20 வாட்தான், விளக்கைவிடக் குறைவு” என்று ஆறுதல் சொல்வதும் முறையன்று. குழல் விளக்கு ஒரே திசையில் ஒளியைக் குவிப்பதில்லையே!

அப்படியானால் 610 எங்கிருந்து வந்தது?

மூன்று அளவுகோல்கள்

“இத்தனை மடங்கு குவிப்பு” என்று சொன்னால், எதைவிட இத்தனை மடங்கு என்ற கேள்வி உடனே எழ வேண்டும். வானொலிப் பொறியியலில் இதற்கு மூன்று ஒப்பீடுகள் உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் மூன்றையும் தனித்தனியே வரையறுத்துள்ளன.

முதலாவது, எத்திசையும் சமமாக வீசும் ஆன்டெனாவோடு ஒப்பிடுவது. இப்படி ஓர் ஆன்டெனாவை எவராலும் செய்ய முடியாது. வடிவியலில் வரும் அகலமில்லாக் கோட்டைப்போல இது கணக்குக்கு உதவும் கற்பனை. இதை அடிப்படையாகக் கொண்ட திறனை இ.ஐ.ஆர்.பி. என்பார்கள், நாம் ‘சமவீச்சுக் கணக்குத் திறன்’ என்போம்.

இரண்டாவது, உண்மையில் செய்யக்கூடிய அரை அலைநீள இருமுனை ஆன்டெனாவோடு ஒப்பிடுவது. இது இ.ஆர்.பி., அதாவது ‘இருமுனைக் கணக்குத் திறன்’. இருமுனை தன் அச்சின் திசையில் ஒன்றும் வீசாமல், மிச்சம் பிடித்த திறனைப் பக்கவாட்டில் வீசுகிறது. ஆகவே பக்கவாட்டில் அது சமவீச்சு ஆன்டெனாவைவிட 1.64 மடங்கு வலிது. டெசிபெல் கணக்கில் இது 2.15.

மூன்றாவது, மத்திய அலை வானொலிக்காரர்களின் அளவுகோல். நன்கு மின்கடத்தும் தரையின்மேல் நிற்கும், அலைநீளத்தோடு ஒப்பிட மிகக் குட்டையான கம்பத்தோடு ஒப்பிடுவது. பெயர் இ.எம்.ஆர்.பி. தரைக்குக் கீழே போகவேண்டியதும் எதிரொளித்து மேலேயே வந்துவிடுவதால், தரையை ஒட்டிய திசையில் இது சமவீச்சு ஆன்டெனாவைப்போல் 3 மடங்கு, டெசிபெலில் 4.77.

‘1 கிலோவாட்’ என்ற ஒரே சொல், 1 கிலோமீட்டர் தொலைவில் எத்தனை மின்புலமாக மாறுகிறது என்று பாருங்கள்:

சமவீச்சுக் கணக்கில் 1 கிலோவாட்: மீட்டருக்கு 173 மில்லிவோல்ட்
இருமுனைக் கணக்கில் 1 கிலோவாட்: மீட்டருக்கு 222 மில்லிவோல்ட்
குட்டைக் கம்பக் கணக்கில் 1 கிலோவாட்: மீட்டருக்கு 300 மில்லிவோல்ட்

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எட்டாம் வகுப்புக் கணக்குதான். இருமுனைக் கணக்கை 1.64-ஆல் பெருக்கினால் சமவீச்சுக் கணக்கு, வகுத்தால் எதிர்மாறாக. எங்கள் தெருவின் 1,000 வாட்டை 1.64-ஆல் வகுத்துப் பாருங்கள்: 610. மூன்றாம் தாளின் புதிர் அவிழ்ந்துவிட்டது!

நம் நாட்டு ரயில் நிலையப் பெயர்ப் பலகைகள் பலவற்றில் ‘கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘உயரம் இத்தனை மீட்டர்’ என்று எழுதி நிறுத்தியிருந்தால் அப்பலகைக்குப் பொருளே இருக்காது. வாட் எழுதுபவர்கள் மட்டும் கடல் மட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் செலுத்தியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று வாட் என்றால் செலுத்தியின் வாட்தான், அதற்குமேல் கேட்பாரில்லை. நிலையங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்தவரை அது போதுமானதாகவும் இருந்தது. இன்று ஒரே தெருவில் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பழைய பேச்சுவழக்கு இனி உதவாது.

கிண்டியும் காட்டாங்குளத்தூரும்

கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பண்பலை 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற அனுமதியின்கீழ் நாட்டிலேயே முதலில் வந்த நிலையம் அது. பின்னர் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் ‘முத்துச்சரம்’ அதே 90.4-ஐப் பெற்றது. இரண்டுக்கும் நேர்த் தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். ஏறத்தாழ நடுவில் தாம்பரம்.

ஒரே அலைவரிசையை இவ்வளவு அருகருகே இருவருக்குக் கொடுக்க முடிந்தது எப்படி? திறனுக்குக் கட்டுப்பாடு இருப்பதால்தான். 2006-ல் வெளியான சமுதாய வானொலி வழிகாட்டு நெறிகள் ஆன்டெனாவின் உயரத்தை 15 முதல் 30 மீட்டருக்குள் வைத்து, கதிர்வீச்சுத் திறனுக்கு 100 வாட் என வரம்பு கட்டின. அந்த 100 வாட் இருமுனைக் கணக்கு, ஆவணத்தில் இ.ஆர்.பி. என்று தெளிவாகவே உள்ளது. அதைப் படித்தவர்கள் வெளியே வந்து “100 வாட் வானொலி” என்று பேசத் தொடங்கும்போதுதான் குழப்பம் நுழைகிறது.

ஒரு சிறு நிலையத்தார் 50 வாட் செலுத்தி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா விற்பவரின் விலைப்பட்டியலில் குவிப்பு ‘5 டெசிபெல்’ என்று இருக்கிறது. 5 டெசிபெல் என்றால் 3.16 மடங்கு. 50-ஐ 3.16-ஆல் பெருக்கினால் 158 வாட். “ஐயோ, வரம்பைத் தாண்டிவிட்டோம்!” என்று பயந்து செலுத்தியை 32 வாட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள்.

விலைப்பட்டியல்களில் பெரும்பாலும் சமவீச்சு ஒப்பீடே இருக்கும். எண் பெரிதாகத் தெரியுமல்லவா? அந்த 5-லிருந்து 2.15 கழித்தால் இருமுனை ஒப்பீட்டில் 2.85 டெசிபெல், அதாவது 1.93 மடங்கு. முழு 50 வாட்டையும் ஊட்டியிருந்தால்கூட 96 வாட்தான். வரம்புக்குள்ளேயே இருந்தார்கள்! கம்பிவட இழப்பையும் சேர்த்தால் இன்னும் குறைவு. வீண் பயத்தால் இறக்கியபின் அவர்களுக்குக் கிடைப்பது 61 வாட். இதனால் இழப்பு யாருக்கு? ஒலிபரப்பு எல்லையின் ஓரத்தில், சிறிய வானொலிப் பெட்டியில் கரகரப்புக்கிடையே கேட்டுக்கொண்டிருந்த குடியிருப்புக்கு. அவர்களுக்காகத்தானே சமுதாய வானொலியே!

எதிர்மாறாகவும் நடக்கலாம். இருமுனை ஒப்பீட்டில் சொன்ன எண்ணைச் சமவீச்சு என்று நினைத்தால், வரம்பை மீறியது தெரியாமலே மீறி, அதே அலைவரிசையிலுள்ள மற்ற நிலையத்தின் நேயர்களைக் கெடுப்போம்.

பரனூரில் ஒரு நான்கு வாட்

இன்னும் தெற்கே போவோம். பரனூர் சுங்கச் சாவடியில் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய ‘பாஸ்டேக்’ பட்டையை மேலேயுள்ள ஆன்டெனா படிக்கிறது. பட்டைக்குள் மின்கலம் இல்லை. ஆன்டெனா வீசும் அலையிலிருந்தே திறனைப் பெற்று, அதைக்கொண்டே பதில் சொல்கிறது. ஆகவே இங்கே கதிர்வீச்சுத் திறன்தான் எல்லாம்.

இதற்குரிய 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் இல்லாமல் கருவி வைத்துக்கொள்ள 2005-ஆம் ஆண்டின் இந்திய விதி இடமளித்தது. செலுத்தி 1 வாட். கதிர்வீச்சு 4 வாட். இதே வகைக் கருவிக்கு அமெரிக்க விதியும் 4 வாட் என்கிறது. ஐரோப்பாவில் வழங்கிவந்த வரம்பு 2 வாட். இதைப் படிக்கும் எவரும் என்ன நினைப்பார்? “இந்தியாவும் அமெரிக்காவும் ஒன்று, ஐரோப்பா பாதி.”

இப்போது அடிப்படையைக் கேட்போம். இந்தியாவின் 4 வாட் இருமுனைக் கணக்கு. அமெரிக்காவின் 4 வாட் சமவீச்சுக் கணக்கு. ஐரோப்பாவின் 2 வாட் மீண்டும் இருமுனைக் கணக்கு. எல்லாவற்றையும் சமவீச்சுக் கணக்குக்கு மாற்றினால்: இந்தியா 6.56, அமெரிக்கா 4, ஐரோப்பா 3.28. ஒன்றாகத் தோன்றிய இரண்டுக்கும் இடையே 64 விழுக்காடு வேறுபாடு. பாதியாகத் தோன்றியது உண்மையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்!

பட்டைக்குக் கிடைக்கும் திறன் தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே 1.64 மடங்கு திறன் என்பது 1.28 மடங்கு தொலைவு. ஒரு ‘4 வாட்’ 8 மீட்டரில் படித்தால், மற்றொரு ‘4 வாட்’ 10 மீட்டருக்கு அப்பாலும் படிக்கும். சாவடி வரிசையில் இது முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள இடைவெளி. வெளிநாட்டு விவரத் தாளையும் நம் விதியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடும் மாணவனோ, வணிகரோ, தான் தவறியதை அறியமாட்டார்.

என் தவறு

பிறரைக் குறை சொன்ன நான் என் கதையையும் சொல்லிவிடுவதே நேர்மை.

அன்றைய கூட்டத்தில், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, உங்கள் கைவிளக்கு, இருமுனை எல்லாம் எனக்கு வேண்டாம். தெருவில் நாடா பிடித்து அளந்துவிட்டேன். ஆன்டெனாவிலிருந்து என் மாடி பன்னிரண்டு மீட்டர். ஆன்டெனாவும் மாடியும் ஒரே உயரம். சாயங்காலம் பேத்திகளோடு அங்கேதான் உட்காருகிறேன். உட்காரலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

கணக்கு எளிது. திறனை 12.57-ஆலும் தொலைவின் இருபடியாலும் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் விழும் திறன் கிடைக்கும். வரம்பும் எனக்குத் தெரியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று பன்னாட்டு ஆணையம் 1998-ல் வகுத்திருந்ததை, இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பத்தில் ஒன்றாக்கி 0.45 வாட் என்று வைத்தது. அலுவலகப் படிவம்தான் நம்பத்தக்கது என்று எண்ணி அதிலிருந்த 610-ஐ எடுத்தேன். விடை 0.34. “வரம்புக்குள் இருக்கிறது ஐயா, தாராளமாக உட்காருங்கள்” என்றேன். பெரியவர் நிம்மதியாகப் போனார்.

இரவு உறக்கம் வரவில்லை. அந்த 12.57 எங்கிருந்து வந்தது? கோளத்தின் பரப்பிலிருந்து. கோளம் முழுவதும் சமமாகப் பங்கிடும் வாய்பாட்டில் சமவீச்சுக் கணக்குத் திறனைத்தான் இட வேண்டும். நான் இட்டதோ இருமுனைக் கணக்கு. 1,000-ஐ இட்டுப் பார்த்தேன். விடை 0.55. வரம்புக்கு மேல்! குவிந்த திசையில் 13.3 மீட்டருக்கு அப்பால்தான் வரம்புக்குள் வரும். பெரியவரின் பன்னிரண்டு மீட்டர், என் தவறான விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் சரியாக அகப்பட்டுக்கொண்டது.

வரம்பைத் தாண்டினால் உடனே கேடு என்று பொருளன்று. வரம்பிலேயே பெரும் பாதுகாப்பு இடைவெளி சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவு அருகில் இந்த எளிய வாய்பாடு உண்மையைவிடச் சற்று மிகுத்தே காட்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இவையெல்லாம் என் தவறை மறைக்கும் சமாதானங்கள் ஆகா. மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “நேற்று நான் சொன்னது பிழை ஐயா” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “சிக்னலைத் தப்பாகப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறீர்களே, பரவாயில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார்.

முறைப்படி அளக்க விண்ணப்பித்தோம். தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ இணைய வாயில் வழியாக, கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் இவ்வாறு கேட்க வழி செய்யப்பட்டது. அளவு வரும்வரை பெரியவர் நாற்காலியை மாடியின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். அளந்தபோது மாடியில் இருந்த அளவு வரம்புக்கு வெகு கீழே. ஆன்டெனாவின் குவிந்த திசை தெருவின் போக்கில் திரும்பியிருந்தது. பெரியவரின் மாடி ஓரத்தில்தான் இருந்தது. முடிவு நல்லதாக அமைந்தது. ஆனால் அது என் கணக்கால் அமைந்ததன்று, திசையால் அமைந்தது. அந்தத் திசையை நானும் கேட்கவில்லை, மூன்று தாள்களும் சொல்லவில்லை.

குறை எங்கே?

விதி எழுதியவர்களிடம் பெருங்குறை இல்லை. அவர்கள் அடிப்படையைக் குறிப்பிட்டே எழுதுகிறார்கள். அதை மக்களிடம் கொண்டுவரும் நம்மிடம்தான் குறை. செய்தி எழுதுபவர் இடம் போதவில்லை என்று அடிப்படையை வெட்டுகிறார். விற்பவர் பெரிய எண்ணை வைத்துக்கொள்கிறார். அச்சுறுத்த விரும்புபவரும் பெரிய எண்ணையே எடுக்கிறார். ஆறுதல் சொல்ல விரும்புபவர் சிறிய எண்ணை எடுக்கிறார். ஆசிரியர்களாகிய நாமோ ஆன்டெனாவின் குவிப்பைப் ‘பெருக்கம்’ என்று கரும்பலகையில் எழுதி, டிரான்சிஸ்டரின் பெருக்கத்தைப்போல ஆன்டெனாவும் திறனை உண்டாக்குகிறது என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைத்துவிடுகிறோம். ‘குவிப்பு’ என்று சொன்னால் இந்த மயக்கம் வராது. ‘எதைவிட?’ என்ற கேள்வியும் தானே பிறக்கும்.

ஆகவே வாசக அன்பர்களே, இனி எங்கேனும் ஆன்டெனாவின் வாட் எண்ணைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஆன்டெனாவுக்குள் போவதா, குவிந்தபின் தோன்றுவதா? குவிந்தபின் எனில், சமவீச்சா, இருமுனையா, குட்டைக் கம்பமா? அந்தக் குவிப்பு எந்தத் திசையில்? மூன்றுக்கும் விடை இல்லாத எண்ணைக் கொண்டு பயப்படவும் வேண்டாம், பயத்தைப் போக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

என் வகுப்பில் இப்போது தேர்வுத் தாள் திருத்தும்போது, விடையின் பின்னால் ‘வாட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்துவிடுகிறேன். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் நாற்காலி நினைவுக்கு வருகிறது. குறைத்த அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருவதில்லை.